ஏகாதசியும் கடல் ஏற்றமும்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)

செயலாளர் என்னை ‘சைக்கிள் மாமா’ என்று அறிமுகப்படுத்தினார். 64 வயதில் இப்படி ஒரு பட்டம்! ஆத்தில் இதைவிடக் கடுமையாகவே சொல்கிறார்கள்.

போன மாசியில் நானும் என் பிள்ளையும் மும்பையிலிருந்து கொங்கணக் கரையோரமாகப் போய்வந்தோம். 2020-ல் ஆரம்பித்த ரோ-ரோ கப்பலில் சைக்கிள்களோடு ஏறி மாண்ட்வாவில் இறங்கினோம். பிறகு அலிபாக், முருட். அகர்தண்டாவில் படகேறி திகி. அப்புறம் திவேஆகர், ஸ்ரீவர்தன். இந்தக் கரையின் அமைப்பே ஒரு தினுசு. ஒரு கழிமுகம், ஒரு மணற்கரை, அடுத்து கடலுக்குள் நீட்டிய ஒரு குன்று. ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். இறங்கினால் தென்னை, பாக்குத் தோப்புகளுக்குள் ஊர். ஸ்ரீவர்தன் பேஷ்வா பாலாஜி விஸ்வநாத் பிறந்த ஊர், பாக்குக்கும் பேர்போனது.

அங்கிருந்து சுமார் 20 கி.மீ. ஹரிஹரேஸ்வர். முதலில் காலபைரவர், பிறகு ஹரிஹரேஸ்வரர், மறுபடி காலபைரவர் என்பது தரிசனக் கிரமம். பிரதக்ஷிணப் பாதை கோயிலுக்குப் பின்னால் பாறைப் பிளவில் படிகளாக இறங்கி, கடலை ஒட்டியே சுற்றி வருகிறது. பாறை முழுக்கத் தேன்கூடு மாதிரி குழிகள். உப்புக்காற்றும் அலையும் அரித்த வேலை.

அன்று ஏகாதசி, எனக்கு உபவாசம். காலை ஏழே காலுக்குப் படி இறங்கினோம். எச்சரிக்கைப் பலகை இருந்தது. “அப்பா, கேட்டுட்டுப் போகலாம்” என்றான் பிள்ளை. பிரதக்ஷிணத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். முனை திரும்பியதும் ஓர் அலை இடுப்புக்கு வந்தது. அடுத்தது காலை வாரிவிட்டது. பிள்ளை என் சட்டைக் காலரைப் பிடித்துப் பாறைமேல் இழுத்துப் போட்டான். மூக்குக்கண்ணாடி போயிற்று. முழங்காலில் ரத்தம். இரண்டு பேரும் வெகுநேரம் பேசவில்லை.

மேலே வந்ததும் தேங்காய்க்கடைப் பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “இன்றைக்கு என்ன திதி?” சொன்னேன். “அப்புறம் ஏன் இறங்கினீர்கள்?” என்றார்.

அந்தக் கரைக்காரர்களின் கணக்கு இது: திதியை முக்காலால் பெருக்கினால் ஏற்றம் உச்சிக்கு வரும் மணி. ஏகாதசி 11, முக்கால் பங்கு எட்டே கால். நாங்கள் இறங்கியது அதற்கு ஒரு மணி முன்னால். சந்திரன் தினமும் சுமார் 50 நிமிஷம் தாமதமாக வருகிறதல்லவா, ஏற்றமும் அப்படியே தள்ளிப்போகிறது. உச்சிக்குப் பின் ஆறு மணி நேரம் கழித்து வற்றம். தோராயக் கணக்குதான், ஆனால் மீன்பிடிப்பவர்களுக்குப் போதும். நாற்பது வருஷமாகப் பஞ்சாங்கம் பார்க்கிறவன் நான். திதி தெரிந்தது, விரதமும் இருந்தேன். அது கடலுக்கும் பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

மத்தியானம் இரண்டரைக்கு அதே பெரியவரிடம் கேட்டுக்கொண்டு இறங்கினோம். காலையில் நான் விழுந்த இடத்தில் பாறை காய்ந்து கிடந்தது. குழிகளில் சின்ன நண்டுகள். நிதானமாகச் சுற்றி முடித்தோம். கண்ணாடியைத் தேடினோம், கிடைக்கவில்லை.

மறுநாள் துவாதசிப் பாரணை முடித்து, பாக்மாண்ட்லாவில் படகேறி சாவித்ரி நதியைத் தாண்டினோம். பிள்ளை முன்னால் போக, அவன் சிவப்புச் சட்டையைக் குறிவைத்துக்கொண்டு நான் பின்னால் மிதித்தேன். கண்ணாடி போன கதையை ஆத்தில் இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறேன். மாமி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.