இளைப்பாறும் வயதிற் பள்ளித் தோழர்

2022 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆந் திகதி இலங்கையின் அரசாங்க அலுவலகங்களிலிருந்து பலர் ஒரே நாளில் விடைபெற்றுச் சென்றனர். அவ்வாண்டின் தொடக்கத்தில் அரச சேவையாளர் இளைப்பாறும் வயது 65 என உயர்த்தப்பட்டிருந்தது. பொருளாதார நெருக்கடி முற்றியபின் அது மீண்டும் 60 ஆயிற்று. இன்னும் ஐந்து ஆண்டுகள் கதிரையில் இருக்கலாம் என்று எண்ணியிருந்தோர் அன்று எழுந்துவிட வேண்டியவராயினர். 1962 இற் பிறந்தோரும் அவர்களுள் அடங்குவர்.

புத்தாண்டு தினம் ஞாயிற்றுக்கிழமையாய் அமைந்தமையால் அன்று வேறுபாடு தெரியவில்லை. திங்கட்கிழமை காலையிலேதான் தெரிந்தது. நேற்றுவரை ஒருவர் "சேர்". மற்றொருவர் "அதிபர் ஐயா". அலுவலகத்துக்குள் நுழையும்போது எழுந்து நின்றவர்கள் இனி வேறொருவருக்காக எழுந்து நிற்பார்கள். வீட்டில் மனைவி "இஞ்சாருங்கோ" என்பார். பிள்ளைகளுக்கு அவர் அப்பா. பெற்றோர் மறைந்துவிட்டனர். அவருடைய பெயரை முன்னும் பின்னும் ஒன்றுஞ் சேராமற் சொல்லி, "டேய்" என்று அழைக்கக்கூடியவர் உலகில் யார் எஞ்சியிருக்கின்றனர் என்று பார்த்தால், ஒரே வாங்கில் உடனிருந்து படித்தவர்களே எஞ்சுகின்றனர். பதவியைப் பார்த்துத் தொடங்காத நட்பு அது. ஆதலாற் பதவி போனபின்பும் அதற்குக் குறைவு வருவதில்லை.

வலிகாமம் வடக்கிலே, காங்கேசன்துறைக்கு அண்மையில், ஆண்களும் பெண்களும் சேர்ந்து கற்ற ஒரு பாடசாலை. 1976 இல் அதன் ஒன்பதாம் வகுப்பிலிருந்து 38 பேர் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தோற்றினர். 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தால் வந்த பரீட்சை அது. சாதாரண தரத்தின் இடத்தைப் பிடித்த அது, 1977 இல் ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டது. அந்தச் சான்றிதழ் என்ன பெறுமதியுடையது என்பதைப் பிறநாட்டு அலுவலருக்கு விளக்குவதில் இவ்வகுப்பினர் பிற்காலத்திற் பட்ட பாடு தனிக்கதை.

தந்தையர் சிலர் சீமெந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர். சிலர் மயிலிட்டிக் கடற்றொழிலாளர். ஏனையோர் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். வகுப்பில் இந்த வேறுபாடு இல்லாமலிருந்தது என்று சொல்வது பொய்யாகும். யார் மதிய உணவுக்கு வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிணற்றடியில் நின்றான் என்பது எல்லோருக்குந் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார்கள். பதினான்கு வயதில் இவ்வளவு நாகரிகம் இருந்தமை வியப்புக்குரியது.

பிறகு வகுப்புக் கலைந்தது. எல்லா வகுப்புகளும் கலைவதுதான். இது கலைந்த விதம் வேறு. கொழும்பில் எழுதுவினைஞராய்ச் சேர்ந்தவர்கள் சில காலம் வார இறுதியில் யாழ்தேவியில் ஒருவரையொருவர் கண்டனர். 1956 இல் ஓடத்தொடங்கிய அப்புகையிரதமே பலருக்குப் பழைய மாணவர் சங்கம். 1983 யூலைக்குப் பின் அந்தப் பெட்டிகளில் இருந்த முகங்கள் குறைந்தன. சிலர் மத்தியகிழக்குக்கும், சிலர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போயினர். சிலர் இயக்கங்களிற் சேர்ந்தனர்; திரும்பாதவர் அவர்களுட் பலர். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது ஊரே எழுந்து போயிற்று. பாடசாலையும் இடம்பெயர்ந்தது; தொழிற்சாலை மூடப்பட்டது; புகையிரதம் நின்றது; தொலைபேசி அற்றது. கிளாலிக் கடல்நீரேரியைப் படகிற் கடந்து வந்தவர்களின் மடியில் வந்த கடிதங்களே செய்தி. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எஞ்சியிருந்த கடிதக் கட்டுகளையும் படங்களையும் விட்டுச் சென்றனர். கையில் எடுத்தவை பிள்ளைகளும் சான்றிதழ்க் கோவைகளுந்தான்.

ஆகையால் 2023 தைமாதத்தில், சுண்ணாகத்தில் வசிக்கும் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பினரைத் தேடத் தொடங்கியபோது, கேட்டுப் பார்க்க ஒரு வரவு இடாப்புக்கூட இருக்கவில்லை. அவர் ஒரு கொப்பியை எடுத்து ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை இலக்கமிட்டார். வகுப்பாசிரியர் காலையில் இடாப்புக் கூப்பிட்ட ஒழுங்கு அவர் செவியில் இருந்தது. முதற் பன்னிரண்டு பெயர்களைத் தடையின்றி எழுதினார். அங்கே பேனா நின்றது. பதின்மூன்றாவது யார்?

அவர் முதலில் ஆண்களையே தேடினார். பலரும் செய்யும் பிழை இது. பெண்களைத் தேடுவது கடினமென்பது உண்மையே. இடாப்பிலே தந்தையின் பெயரோடு இருந்தவர், திருமணத்தின்பின் கணவரின் பெயரோடு வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போய்விடுகிறார். அவருடைய தமையனைக் கண்டுபிடித்தாலன்றி அவரைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்தாலும், "இந்த வயதிற் பள்ளித் தோழர் என்ன" என்று கேட்கும் வீடுகள் உண்டு. ஆயினும், இடாப்பை முழுமையாக நினைவில் வைத்திருந்தவர் வவுனியாவில் வாழ்ந்த ஒரு பெண்மணியே. முன் வாங்கில் இருந்தவர். ஆசிரியருக்குச் சுகமில்லாத நாள்களில் இடாப்புக் கூப்பிட்டவர் அவர்தாம். தொலைபேசியில் இருபது பெயர்களை ஒரே மூச்சிற் சொல்லிவிட்டு, "நீர் அப்பவும் இடாப்புக் கூப்பிடேக்கை கதைச்சுக்கொண்டுதானே இருந்தனீர்" என்றும் கடிந்துகொண்டார். இளைப்பாறிய ஆசிரியரை அவ்வாறு கடிந்துகொள்ள அப்பொழுது வேறு எவருக்கும் உரிமை இருக்கவில்லை. அவர் மகிழ்ந்துபோனார்.

பெயர்கள் சேர்ந்ததும் வட்ஸ்அப் குழு ஒன்று உருவாயிற்று. முதல் வாரம் அது திருவிழாவாய் இருந்தது. "டேய், நீ இன்னும் கணக்கைப் பார்த்தே எழுதுறாய்?" என்று ரொறன்ரோவிலிருந்து ஒருவர் கேட்டார். இரண்டாம் மாதத்திற் காலை வணக்கப் பூக்களும், நீரிழிவுக்கு நாட்டு மருந்துகளும், மூலம் தெரியாத செய்திகளும் நிறைந்தன. மூன்றாம் மாதத்தில் அரசியல் வந்தது, இருவர் வெளியேறினர். நூறு பூக்களை அனுப்புவதிலும் ஒருவரை அழைத்து ஐந்து நிமிடம் பேசுவது மேலானது. இந்தக் குழுக்களால் நட்பு வளர்கிறது என்பார் கூற்றை முழுதும் ஏற்றுக்கொள்வதற்கில்லை. அவை முகவரிப் புத்தகத்தின் வேலையை நன்றாகச் செய்கின்றன. எஞ்சிய வேலையை மனிதர்தாம் செய்யவேண்டும்.

இளைப்பாறும் வயது எல்லா நாட்டிலும் ஒன்றன்று என்பதையும் இவர்கள் தாமதமாகவே உணர்ந்தனர். ஊரிலிருப்பவருக்கு 60 இல் ஓய்வூதியம் தொடங்கிவிட்டது. கனடாவில் முதியோர் ஓய்வூதியம் 65 இல் வரும். 1962 இற் பிறந்தவர் ஐக்கிய இராச்சியத்திலும் அவுஸ்திரேலியாவிலும் அரச ஓய்வூதியத்துக்கு 67 வரை பொறுத்திருக்க வேண்டும். ஊரிலே விடிந்தெழுந்து பேச்சுத்துணை தேடுபவரின் அழைப்பு, ரொறன்ரோவில் மாலைப்பொழுதில், தொழிற்சாலை இரவுவேலைக்குப் புறப்படும் ஒருவரின் கையிற் போய்ச் சேர்கிறது. அவர் எடுப்பதில்லை. "வெளிநாடு போனதும் மாறிவிட்டான்" என்று இங்கே பேச்சு. "காசு கேட்கத்தான் எடுக்கிறான்" என்று அங்கே ஐயம். முப்பது ஆண்டுப் போரால் முறியாத நட்புகள் இவ்வாறு பத்தரை மணிநேர வேறுபாட்டால் முறிவதுண்டு.

காசு பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். பழைய மாணவர் ஒன்றுகூடினாற் பாடசாலைக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு, நல்லது. வடக்கிலே போருக்குப்பின் மீண்ட எத்தனையோ வகுப்பறைகளிலும் நூலகங்களிலும் அவர்களின் உழைப்பு இருக்கிறது. ஆனால் வகுப்புத் தோழமையும் நிதிசேகரிப்பும் ஒரே கொப்பியில் எழுதப்படும்போது, கொடுத்தவர் கொடாதவர் என்று வகுப்பு இரண்டாகிறது. தண்ணீர்க்குழாயைவிட அதன் அருகிலுள்ள பெயர்ப்பலகை பெரிதாயிருக்கும் காட்சியையும் சில இடங்களிற் காணலாம். இவ்வகுப்பினர் அதற்குத் தனிக் கணக்கும் தனிக் குழுவும் வைத்தனர். அப்படியிருந்தும் ஒருமுறை மனத்தாங்கல் வந்தது.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது கூச்சம். ஊரிலேயே இருந்தும் எந்த அழைப்புக்கும் வராதவர்கள் உண்டு. ஒருவர் மேசன் வேலைக்குப் போகிறார். அவருடைய தொலைபேசி இலக்கம் எல்லோரிடமும் இருந்தது. யாழ்ப்பாண நகரத்து மண்டபம் ஒன்றில் நடந்த முதல் ஒன்றுகூடலுக்கு அவர் வரவில்லை. "வேலை" என்றார். அன்று அவருக்கு வேலை இல்லையென்பது அயலிலிருந்த தோழருக்குத் தெரியும். பொறியியலாளரும் வைத்தியரும் தத்தம் பிள்ளைகளின் படிப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் அவர் என்ன சொல்வார்? அடுத்த முறை மண்டபம் வேண்டாமென்று தீர்மானித்தனர். 1990 இல் இழந்த நிலத்தில் ஒரு பகுதி அதற்குள் மக்களிடம் மீண்டிருந்தது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 இல் விடுவிக்கப்பட்டது. துறையடியில், வேம்பின் கீழ், பாய் விரித்துக் கூடினர். மேசன் வேலைசெய்யும் தோழர் தம் மகனின் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரு மணிநேரம் இருந்து, சோறு உண்டு சென்றார். அவர் அதிகம் பேசவில்லை. அவரிடம் எவரும் பிள்ளைகளின் படிப்பைக் கேட்கவுமில்லை. கிணற்றடியில் நின்ற சிறுவனைக் கண்டுங் காணாதிருந்த அதே நாகரிகம் அவர்களிடம் இன்னும் இருந்தது.

இந்த நாட்டில் வானொலி மரண அறிவித்தல் மூலம் பழைய நண்பரின் செய்தியை முதன்முதலாக அறிந்தோர் பலர். பெயர், ஊர், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர் என்று அறிவிப்பாளர் வாசித்துச் செல்வார். கேட்டுக்கொண்டிருப்பவர் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு, "இவன் என்னோடு படித்தவனல்லவா" என்பார். நாற்பது ஆண்டுகள் ஒரே மாவட்டத்தில் வாழ்ந்திருப்பார்கள். கண்டு பேச ஒரு நாள் வாய்க்கவில்லை. கொப்பியில் ஒன்பது பெயர்களுக்கு எதிரே சிறு புள்ளி இடப்பட்டிருந்தது. அவற்றுள் நான்கு இளமையிலேயே போரிற் போனவை, ஐந்து நோயால். அந்த ஐவரில் மூவர் கொப்பி தொடங்குவதற்கு முந்திய ஐந்தாண்டுக்குள் மறைந்தவர்கள். சுண்ணாகத்து ஆசிரியர் அந்த மூன்று புள்ளிகளையே அதிகம் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்தாண்டு முந்தித் தொடங்கியிருந்தால் அவர்களோடு பேசியிருக்கலாம். வேலை முடியட்டும், மகளின் கலியாணம் முடியட்டும் என்று அவரும் ஒத்திவைத்தவர்தாம்.

வெறுமையாய் இருந்தவற்றுள் ஒன்று பதின்மூன்றாம் இலக்கம். வவுனியாப் பெண்மணிக்கு அந்தப் பெயர் நினைவிருந்தது. ஆனால் ஆள் எங்கே என்று எவருக்குந் தெரியவில்லை. அவரிடம் வகுப்புப் படம் ஒன்றும் இருந்தது. அதை அவர் போற்றிப் பாதுகாத்தார் என்று சொல்வதற்கில்லை. படத்தின் பின்னாலிருந்த தடித்த அட்டை, சான்றிதழ்கள் மடங்காமல் இருக்க உதவிற்று. அதனாற் கோவைக்குள்ளேயே கிடந்து, இரண்டு இடப்பெயர்வுகளையும் கடந்து வந்திருந்தது. அந்தப் படம் குழுவில் இடப்பட்டதும், பாரிசிலிருந்த ஒருவர் மூன்றாம் வரிசையில் ஓரமாய் நிற்பவனைச் சுட்டி, அவனுடைய மைத்துனரைத் தமக்குத் தெரியும் என்றார்.

அவர் தமிழ்நாட்டில் இருந்தார். 1990 இல் மன்னார்க் கரையிலிருந்து படகில் இராமேசுவரம் சேர்ந்து, மண்டபம் முகாம் வழியாக இன்னொரு முகாமுக்கு அனுப்பப்பட்டவர். அகதிகள் முகாம் என்ற பெயர் 2021 இல் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது; அவர் இருந்த வீடு மாறவில்லை. கட்டடங்களுக்கு வர்ணம் பூசும் வேலை. ஓய்வூதியம் என்ற பேச்சுக்கே இடமில்லாத தொழில். கை ஓயும்வரை செய்வது. கனடாத் தோழர் விமானச் சீட்டு அனுப்புவதாகச் சொன்னார். அவரிடம் கடவுச்சீட்டு இல்லை. "படத்தை மட்டும் அனுப்புங்கோ" என்றார். கைத்தொலைபேசியிற் போயிற்று. அவருடைய மகள் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, எது அப்பா என்று கேட்டாளாம். தந்தையின் இளமைப் படம் ஒன்றை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரிற் கப்பற்சேவை தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்ட்டில் மீண்டும் ஓடிற்று. அதன்பின் ஒருநாள் சுண்ணாகத்து ஆசிரியர், படத்தின் பெரிய பிரதி ஒன்றை அட்டையோடு சுற்றியெடுத்துக்கொண்டு, தாம் பிறந்த ஊரின் துறையிலிருந்து கப்பலேறினார். ஏறத்தாழ நான்கு மணிநேரப் பயணம். துறைமுக வாசலில் இருவரும் ஒருவரையொருவர் கடந்து போய்விட்டனர்; தொலைபேசி எடுத்தே திரும்பவேண்டியதாயிற்று. பேருந்து நிலையத்தருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியர் கொப்பியைத் திறந்து, இன்னும் வெறுமையாயிருந்த இரண்டு இலக்கங்களைக் காட்டினார். வந்தவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றின் பெயரை உடனே சொன்னார்.