செங்கோட்டையின் காகிதங்கள்



குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால், அருவியில் குளித்த கையோடு பிரானூர் பார்டருக்கு பரோட்டா சாப்பிடப் போகிற கூட்டமும் பெருகிவிடும். இன்றைய கேரள எல்லையோ புளியரைக்கு மேற்கே மலையில் இருக்கிறது. பிரானூருக்கு பார்டர் எப்படி வந்தது? 1956 அக்டோபர் 31 வரை சென்னை ராஜ்யம் அந்தப் பக்கத்தோடு முடிந்தது. அதற்கப்பால் இருந்த செங்கோட்டை முதலில் திருவாங்கூர் சமஸ்தானம். பிறகு திருவாங்கூர்-கொச்சி ராஜ்யம். தென்காசிக்காரர் கலெக்டரைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் போனார். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த செங்கோட்டைக்காரருக்குத் தலைநகரம் மலைக்கு அந்தப்புறம், திருவனந்தபுரம்.

இந்த எல்லையை நகர்த்தியதில் காகிதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1953 டிசம்பரில் பசல் அலி தலைமையில் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் வந்த மனுக்கள், கடிதங்கள், தந்திகள் 1,52,250. திருவாங்கூர்-கொச்சியின் தமிழ் வட்டங்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி நேசமணியின் திருவாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று ஆணையத்தின் அறிக்கை வந்தது. அதன் பரிந்துரைப்படி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 அன்று நம்மோடு சேர்ந்தது. கூடவே கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மண் வந்து சேர்ந்தது. அதன் ஆவணங்கள் சிதறிக் கிடக்கின்றன. சமஸ்தானக் காலத்துப் பதிவுகளுக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகம், சென்னை அரசின் கோப்புகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், மத்திய அரசின் கோப்புகளுக்கு டெல்லி. வாஞ்சிநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது செங்கோட்டை, வேலை பார்த்தது திருவாங்கூர் வனத்துறையில். 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டதோ பிரிட்டிஷ் எல்லைக்குள், மணியாச்சியில். அவர் சட்டைப்பையில் இருந்த தமிழ்க் கடிதம் வழக்கின் சான்றாயிற்று. ஒரே இளைஞனின் வாழ்க்கையைத் தேட இரண்டு அரசுகளின் கோப்புகளையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் எந்தக் காப்பகத்திலும் இல்லாத காகிதங்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். சங்கு முத்திரை போட்ட பத்திரம், சக்கரக் கணக்கில் எழுதிய தீர்வை ரசீது, போராட்டத்தில் நின்ற தாத்தாவுக்கு வந்த கடிதம், கூட்ட நோட்டீஸ். ஓர் எல்லை மாறியபோது சாதாரணக் குடும்பம் என்ன பாடுபட்டது என்பதை அரசாங்கக் கோப்பைவிட இவை தெளிவாகச் சொல்லும். அவற்றில் 1132 என்று ஆண்டு போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அது கொல்லம் ஆண்டு. நவம்பர் 1956 அதில்தான் வருகிறது.

தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. மாவட்டத்துக்கென ஓர் ஆவண அறை, குறைந்தது செங்கோட்டை பற்றிய கோப்புகளின் நகல்களாவது இங்கே வேண்டும். அரசு இதைச் செய்ய வேண்டும். அதுவரை, வீட்டை வெள்ளையடிக்கும்போது அந்தப் பழைய தகரப் பெட்டியைப் பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே எந்தக் காகிதம் யாருடையது என்று கேட்டு எழுதி வையுங்கள். படமெடுத்து அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையில் காட்டுங்கள்.