மீண்டவர் கண்ட கயிலை

திருச்சிற்றம்பலம்.

 

ஆடி அமாவாசையாகிய இந்நன்னாளில், அப்பர் பெருமான் திருவையாற்றில் கயிலைக் காட்சி கண்ட திறத்தைச் சிந்திக்கக் கூடியிருக்கிறோம். அவர் கண்ட காட்சியைப் பெரியோர் பலர் விரித்துரைத்துள்ளனர். அக்காட்சிக்கு முன் அவர் கயிலை வழியினின்று மீண்டாரே, அதனைப் பற்றிச் சில சொல்ல அடியேன் விழைகின்றேன்.

திருக்காளத்தியைத் தொழுத நாவரசருக்கு வடகயிலை காணும் வேட்கை மீதூர்ந்தது. சீபருப்பதம் பணிந்து, காசியைக் கடந்து, அப்பால் அடர்ந்த காட்டில் தனியே நடந்தார். பாதங்கள் தேய்ந்தன, கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் உந்திச் சென்றார். மார்பும் நைந்தபின் புரண்டார். உறுப்பெல்லாம் ஓய்ந்து கிடந்தபோது இறைவன் முனிவராய் வந்து, ‘மீண்டு செல்க’ என்றான். பெருமான் இசையவில்லை. சேக்கிழார் காட்டும் இந்த இடத்தை அடியேன் பலமுறை படித்ததுண்டு. பொருள் விளங்கியதோ ஒரு மலையிரவில்தான்.

கோவைக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்தினின்று ஏழு மலை ஏறிக் காண வேண்டியது தென்கயிலையாகிய வெள்ளியங்கிரி. சில ஆண்டுகளுக்கு முன், பங்குனித் திங்களில், ஐவர் மூங்கில் தடியுடன் இரவில் ஏறத் தொடங்கினோம். எம்முள் மூத்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்.

தொடக்கமே இடர். இரண்டாம் மலையில் கைவிளக்கு ஒன்று பாறையில் விழுந்து உடைந்தது. அடுத்த மலையில் கட்டுச்சோற்றுப் பை நழுவிப் பள்ளத்தில் உருண்டது. ஐந்தாம் மலையில் எதிர்பாராத மழை, கம்பளிகள் நனைந்தன. பற்கள் கிட்டும் அந்தக் குளிர்காற்றில் ஆசிரியர் ஒரு பாறையில் சாய்ந்தார். அவர் நெற்றியில் வியர்வை! மார்பை அழுத்துகிறது என்றார். இடக்கை கனக்கிறது என்றார். முதல் மலையிலேயே வலி தொடங்கியதாம். நேர்ந்துகொண்ட பயணம் தடைப்படுமே என்று மறைத்துவிட்டார்.

அன்பர்களே, ஒன்றை ஒளிக்காமல் சொல்கின்றேன். எஞ்சியவை இரண்டே மலைகள். இவரை இங்கே அமர்த்திவிட்டுச் சுவாமியைக் கண்டு திரும்பலாமே என்ற எண்ணம் ஒரு கணம் என் நெஞ்சில் எழுந்தது. அவரும் அதனையே சொன்னார்.

“தம்பி, நீங்கள் போய்வாருங்கள். சற்று இளைப்பாறி நானும் வருவேன். இறங்க மாட்டேன். முனிவர் சொல்லியும் அப்பர் திரும்பினாரா?”

நான் திகைத்தேன். பிறகு சொன்னேன்: “ஐயா, முனிவர் சொன்னபோது திரும்பவில்லை. ஐயன் தன் வாக்கால் ஆணையிட்டபோது திரும்பினாரே!”

“எனக்கு ஐயன் எப்போது சொன்னான்?”

“உங்கள் மார்பில் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறான், ஐயா.”

அவர் கண் கலங்கினார், மறுப்பேதும் சொல்லவில்லை.

மேலே ஏறிக்கொண்டிருந்த முன்பின் அறியாத இளைஞர் நால்வர் எம் நிலை கண்டு நின்றனர். கம்பளியை இரு மூங்கிலில் பிணைத்துத் தூளியாக்கினர். தாமும் தரிசனத்தைத் துறந்து, வழுக்கும் பாறைகளில் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வந்தனர். அடிவாரம் சேர்ந்தபோது விடிந்திருந்தது. மருத்துவமனையில், இருதயக் குழாயில் அடைப்பு என்றும், இன்னும் தாமதித்திருந்தால் உயிர் தங்கியிராது என்றும் மருத்துவர் சொன்னார்.

இனி வரலாற்றின் முடிவைப் பாருங்கள். ஆணையை ஏற்ற அப்பர், இறைவன் காட்டிய பொய்கையில் மூழ்கினார். திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். ஆண் யானையும் பெண் யானையும், சேவலும் பேடும் இணையிணையாய் வருவனவற்றில் சிவனையும் சத்தியையும் கண்டார். தனியே தேடிச் சென்றவருக்கு, ஒன்றையொன்று பிரியாது வருபவற்றிலே இறைவன் காட்சி தந்தான். மீண்டதனால் அவர் இழந்தது ஏதுமில்லை. தூளி சுமந்த அந்தத் தோள்களை நினைக்கும்போது, அன்று தரிசனம் கிட்டவில்லை என்று எவ்வாறு சொல்வேன்?

வனத்துறையினர் பிப்ரவரி முதல் மே வரை அம்மலையேற இசைவு தருகின்றனர். 2024ஆம் ஆண்டில் அக்காலத்திலே அன்பர்கள் சிலர் வழியிலேயே உயிர்நீத்த செய்தியை நாளிதழ்களில் கண்டோம். ஆகவே வேண்டுகின்றேன். இருதய நோயும் மூச்சுத் திணறலும் உடையோர் மருத்துவரைக் கேளாமல் ஏறாதீர்கள். வலியை மறைக்காதீர்கள். உடன் வந்தவரைத் தனியே விடாதீர்கள். இறங்க வேண்டிய நேரத்தில் இறங்குவது பத்திக் குறைவன்று. அதுவும் அவன் ஆணைக்குப் பணிதலே.

அந்த ஆசிரியர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஏழாம் மலையை அவரும் காணவில்லை; அடியேனும் காணவில்லை. ஆண்டுதோறும் இவ்விழாவில் ஐயாறப்பரை நினைந்து இருவரும் கைகூப்புகிறோம். எமக்கு அதுவே கயிலை.

அனைவருக்கும் இறையருள் பெருகுக!

திருச்சிற்றம்பலம்.