உருக்கு அச்சுக்குப் பதிலாக ஒரு மெத்தை

பழைய மோட்டார் வண்டியொன்றின் தரைத்தகடு துருவேறிப் போயிற்று. அதிலே புடைப்பு வரிகள் ஓடுகின்றன. அதே வடிவில் வேறொன்று கடைகளிற் கிடைப்பதில்லை. ஒரேயொரு தகட்டுக்காக மேலச்சு, கீழச்சு என இரண்டையும் உருக்கிற் கடைந்தெடுப்பது கட்டுபடியாகாது. அவ்வேளையிலே பட்டறைக்காரர் ஓரச்சை மாத்திரம் செய்து, மற்றையதன் இடத்தில் மீள்தன்மையுள்ள மெத்தையொன்றை வைக்கின்றார்.

1930களில், அமெரிக்காவின் டக்ளஸ் விமானத் தொழிற்சாலையிலே ஹென்றி கெரின் என்பவர் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். உருக்குப் பெட்டியினுள் அடைபட்ட தடித்த இறப்பர், அழுத்தப்படும்போது திரவம் போல நாற்புறமும் பரவித் தகட்டை அச்சோடு ஒட்ட வைக்கின்றது. ஆயினும் இயற்கை இறப்பர் கூரிய விளிம்புகளிற் கிழியும்; எண்ணெய் பட்டால் ஊதும். அக்குறைகளைப் பெரிதும் நீக்கியது பொலியுரேதேன். 1937இல் ஜெர்மனியிலே ஒட்டோ பேயரும் அவர்தம் குழுவினரும் கண்ட பொருள் அது. (பேயர் என்னும் கம்பனியை நிறுவிய குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை.)

இதை வாங்குவதிலேதான் பலர் ஏமாறுகின்றனர். நிறத்தைப் பார்த்து வாங்குதல் பயனற்றது. நிறம் வெறுஞ் சாயமே. கேட்கவேண்டியது 'ஷோர் ஏ' அளவிலான கடினம். 80 அளவினது நன்கு அமுங்கி ஆழமான வடிவுக்கு உதவும். 95 அளவினது விறைப்பானது; ஆழங்குறைந்த, கூர்மையான வரிகளுக்கு ஏற்றது. ஆனால் அதை மிகுதியாக அமுக்கினால் விரைவிற் கெடும்.

அதனினும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு: பொருள் பொலியெஸ்டர் வகையா, பொலிஈதர் வகையா? முன்னது எண்ணெயையும் கிழிவையும் நன்கு தாங்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தாலோ, நாளடைவில் உள்ளே சிதைந்து பொடியும். பின்னது ஈரத்தைத் தாங்கும். கொழும்பு போன்ற ஈரக்காற்று வீசும் ஊரிலே, ஆண்டுக்கு இருமுறை மாத்திரம் வெளியே எடுக்கப்படும் மெத்தைக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. பழம்பொருட் கடையிலே மலிவாய்க் கிடைக்கும் துண்டின் வகையையோ வயதையோ விற்பவர் அறியார்.

அச்சுக்கோ இத்துணைத் தொல்லையில்லை. சில தகடுகளே வேண்டுமாயின் நன்குலர்ந்த வன்மரம் போதும். பல வேண்டுமாயின், ஏறக்குறைய 4 வீதம் அலுமினியமும் 3 வீதம் செம்பும் சேர்ந்த நாகக் கலப்புலோகம் நன்று. சுமார் 380 பாகை செல்சியசில் உருகுவதால், வேலை முடிந்த அச்சை மீண்டும் உருக்கி வேறச்சு வார்க்கலாம்.