மைக் வாங்குமுன்
(றொசல்லயில் ஆற்றிய உரை)

திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் லயத்துக்கு லயம் காசு சேர்த்து மைக் வாங்குகிறோம். அது கொழுந்து பறித்த காசு. போனில் படத்தைக் காட்டி, பாவித்த சாமான், மலிவு என்று போலியைத் தள்ளிவிட ஆள் இருக்கு.

1966இல் அமெரிக்காவின் ஷூர் கம்பெனி கொண்டுவந்த எஸ்.எம். 58 மைக்குக்கு உலகமெங்கும் போலி உண்டு. பெட்டி, எழுத்து எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அசல் மைக் 298 கிராம். கொழுந்து நிறுவையில் அரைக் கிலோவுக்கும் சண்டை பிடிக்கிற நாம், இதையும் தராசில் போட்டுப் பார்ப்போமே! நிறை சரியென்றாலும், பேசிக் கேட்ட பிறகுதான் காசு.

கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டு கேட்போம். மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதலாம், 1977க்குப் பேசலாம். முகம் தெரியாத ஆளுக்கு முன்காசு போட்டால் யாரைத் தேடுவது? கோயில் கமிட்டி முதலில் நம்ம ஆபீசுக்கு வரட்டும். தராசு இங்கேயே இருக்கு.