உலக அவையில் ஒரு வழக்கறிஞர்



25 ஆண்டுகளாக நம் கழகம் ஏற்றிவைத்த கல்வி விளக்கின் ஒளியில் சட்டக் கல்லூரியின் படியேறிய மாணவர்கள் சிலரும் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். “சட்டம் வலியவனுக்கே துணை நிற்கும், எளியவனுக்கு அதனால் ஆவதென்ன?” என்ற கேள்வி அவர்கள் செவியில் விழாத நாளிராது. அக்கேள்விக்கு, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்த ஒரு வழக்கறிஞரின் வரலாற்றைக் கொண்டு விடைகாண முற்படுவோம். அவர் ருமேனிய நாட்டு நிக்கோலே டிட்டுலெஸ்கு.

1882-இல் கிரயோவா நகரில் பிறந்த அவர், பாரிஸில் சட்டம் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிச் சட்டப் பேராசிரியராகவும் வழக்கறிஞராகவும் புகழ் பெற்றார்; நிதியமைச்சராகவும் பணியாற்றினார். முதல் உலகப் போர் முடிந்தபின், 1920 ஜூன் 4-இல் ஹங்கேரியுடன் செய்துகொள்ளப்பட்ட டிரையனான் உடன்படிக்கையில் ருமேனியாவின் சார்பில் கையொப்பமிட்ட இருவருள் அவர் ஒருவர். அன்று முதல் நாடுகளின் வழக்கே அவர் வழக்காயிற்று.

அவர் வாதாடிய பெருவழக்கு நிலத்தைப் பற்றியது. போருக்குப் பின் ருமேனிய அரசு பெருநிலக்கிழாரின் நிலங்களை எடுத்து உழவர்க்குப் பகிர்ந்தளித்தது. ருமேனியாவுடன் இணைந்த திரான்சில்வேனியாவில் நிலம் வைத்திருந்து, ஹங்கேரியக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டோர் இதை எதிர்த்தனர். 1923-இல் ஹங்கேரி இவ்வழக்கைப் பன்னாட்டுச் சங்கத்தின் முன் கொணர்ந்தது. அந்நாட்டின் சார்பில் வாதிட்டவர் முதுபெரும் சொல்வல்லாரான அப்போனி பிரபு. அவர் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. அத்தகையோரின் சொத்துரிமையைக் காக்கும் விதிகள் உடன்படிக்கையிலேயே இருந்தன. டிட்டுலெஸ்குவின் விடையோ இது: சீர்திருத்தச் சட்டம் ருமேனியருக்கும் ஹங்கேரியருக்கும் ஒன்றே, உள்நாட்டு நிலக்கிழார் தம் நிலத்தை இழக்க, அயல்நாட்டார் மட்டும் அதினின்று விலக்குப் பெறுதல் தகாது. ஆண்டுக்கணக்கில் நீண்ட இவ்வழக்கு 1930-இல் பாரிஸ் ஒப்பந்தங்களால் தீர்ந்தது. இழப்பீடு வழங்க ஒரு நிதியம் ஏற்பட்டது. நிலம் உழவரிடமே நின்றது.

அதே 1930-இன் நவம்பரில் இலண்டனில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டையும், அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் அங்கு சென்று வாதிட்டதையும் நாம் நன்கறிவோம். அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்தான் ஜெனீவாவில் பன்னாட்டுச் சங்கப் பேரவை டிட்டுலெஸ்குவைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1931-இலும் அவரையே மீண்டும் தேர்ந்தது. அடுத்தடுத்து இருமுறை அப்பதவியைப் பெற்றவர் அவர் ஒருவரே.

எனினும், அவர் பணியில் நாம் ஆழ்ந்து நோக்க வேண்டியது 1933 ஜூலை 3-இல் இலண்டனில் கையொப்பமான ஓர் உடன்படிக்கையாகும். “ஆக்கிரமிப்பாளன் யார்?” என்ற கேள்விக்கு விடை கூறுவது அதன் நோக்கம். சோவியத் அமைச்சர் லிட்வினோவ் முன்மொழிந்து, கிரேக்கச் சட்ட அறிஞர் பொலிட்டிஸ் தலைமையிலான குழு சீர்செய்த வரையறை அது. அப்போது ருமேனியாவின் வெளியுறவு அமைச்சராயிருந்த டிட்டுலெஸ்கு அதை ஏற்றுத் தம் நாட்டின் சார்பில் கையெழுத்திட்டார். முதலில் போர் அறிவித்தல், பிறர் நாட்டுக்குள் படை செலுத்துதல், கடல்வழியை அடைத்தல், ஆயுதக் கும்பல்களுக்குத் துணைபோதல் முதலியவை ஆக்கிரமிப்பு என அது தெளிவாய் உரைத்தது.

அதனினும் முக்கியமானது அடுத்து வரும் பகுதி. அரசியல், இராணுவ, பொருளாதாரக் காரணம் எதுவும் ஆக்கிரமிப்புக்குச் சாக்காகாது என்றும், ஒரு நாட்டின் சமுதாய அமைப்பையோ ஆட்சிக் குறைபாட்டையோ உள்நாட்டுக் கலகத்தையோ காட்டி அதன்மீது பாய்தல் ஆகாது என்றும் அது விதித்தது. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். “இவர்கள் பின்தங்கியவர்கள், தம்மைத் தாமே ஆளத் தெரியாதவர்கள், ஆதலால் நாம் ஆளுவோம்” என்பதன்றோ ஆதிக்கம் செலுத்துவோர் எக்காலத்தும் ஓதும் மந்திரம்? அம்மந்திரத்தின் வாயை அடைக்கும் சொற்கள் அவை.

இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. இத்தாலி அவ்வுடன்படிக்கையில் சேரவில்லை. எத்தியோப்பியா நாகரிகமற்றது, அங்கே அடிமை முறை உண்டு என்று குற்றஞ்சாட்டிய இத்தாலி, 1935 அக்டோபர் 3-இல் அந்நாட்டின்மீது படையெடுத்தது. எத்தியோப்பியாவோ 1923 முதல் பன்னாட்டுச் சங்கத்தின் உறுப்பு நாடு. சங்கம் இத்தாலிமீது பொருளாதாரத் தடை விதித்தது. ஆனால் போருக்கு இன்றியமையாத எண்ணெயை அத்தடையில் சேர்க்கவில்லை.

1936 ஜூன் 30-இல் நாடிழந்த பேரரசர் ஹெயிலி செலாசி ஜெனீவாப் பேரவையில் பேச எழுந்தார். உடனே அங்கிருந்த இத்தாலியப் பத்திரிகையாளர்கள் சீழ்க்கையடித்துக் கூச்சலிட்டனர். டிட்டுலெஸ்கு துள்ளியெழுந்து, “காட்டுமிராண்டிகளை வெளியேற்றுங்கள்!” என்று முழங்கினார். காவலர் அவர்களை அகற்றினர். பேரரசர் தம் அம்காரிய மொழியில் உரையை முடித்தார். யார் யாரைக் காட்டுமிராண்டி என்று அழைப்பது என்னும் வழக்கில் அன்று தீர்ப்புத் தலைகீழாயிற்று.

ஆயினும் அத்தீர்ப்பை நிறைவேற்ற ஆளில்லை. ஜூலையில் தடைகள் நீக்கப்பட்டன. ஆகஸ்ட் 29-இல் மன்னர் இரண்டாம் கரோல் டிட்டுலெஸ்குவைப் பதவியினின்று விலக்கினார். வாழ்வின் இறுதியாண்டுகளை அயல்நாட்டில் கழித்து, 1941 மார்ச் 17-இல் பிரான்சின் கான் நகரில் அவர் மறைந்தார். இரு மாதங்கள் ஆகுமுன், மே 5-இல், ஹெயிலி செலாசி தம் தலைநகர் அடிஸ் அபாபாவிற்கு மீண்டார். அதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. தாய்மண்ணில் துயில வேண்டும் என்ற அவர் விருப்பமும் 1992-இல்தான் நிறைவேறியது.

அப்படியாயின் அவர் தோற்றாரா? 1945-இல் நூரெம்பர்க் நீதிமன்றில் அமெரிக்க வழக்குரைஞர் ஜாக்சன், ஆக்கிரமிப்பு எதுவென விளக்க 1933 உடன்படிக்கையையே எடுத்துக்காட்டினார். 1974 டிசம்பர் 14-இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஏற்ற வரையறையிலும், எக்காரணமும் ஆக்கிரமிப்பை நியாயமாக்காது என்ற விதி இடம்பெற்றது. 2010-இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றச் சட்டத்தில் ஆக்கிரமிப்புக் குற்றத்தை வரையறுத்தபோதும் அந்த 1974 வரையறையே அடிப்படையாயிற்று.

சட்டம் பயிலும் தம்பிகளே, தங்கைகளே! சட்டத்தின் சொல் தனித்து நின்று எந்த எளியவனையும் காத்துவிடாது. அதன் பின்னே மக்களின் ஒற்றுமையும் துணிவும் நிற்க வேண்டும். 1936-இல் ஜெனீவாவில் இல்லாதிருந்தது அதுவே. ஆனால் சொல்லே எழுதப்படாமற் போயிருந்தால், பின்னர் வலிமை வந்து சேர்ந்த நாளில் குற்றத்திற்குப் பெயரிடவும் வழியிருந்திராது. ஆகவே சட்டச் சொல்லைத் திருத்தமாக எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குத் துணைநிற்கும் மக்களைத் திரட்டுவது நம் அனைவரின் பொறுப்பு. நம் கழகத்தின் அடுத்த 25 ஆண்டுகள் அதற்கே பயன்படுக!