கிருமி இல்லை, ஆனாலும் வலி தீரவில்லையா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன் பற்றி எல்லாக் கூட்டத்திலும் பேசுறோம். இன்னைக்கு, நாம வெளியே சொல்லக் கூச்சப்படுற நீர்க்கடுப்பு பற்றிப் பேசலாமுங்க.

தோட்டத்துக் களையெடுப்பானாலும் சரி, திருப்பூர் பனியன் கம்பெனி வேலையானாலும் சரி, பெண்கள் பல மணி நேரம் ஒண்ணுக்கை அடக்கி வைக்கிறோம். கடுத்தால் "உடம்புச் சூடு" என்று இளநீர் குடிக்கிறோம். அப்புறம் மருந்துக் கடையில் மாத்திரை. பெரும்பாலும் இது கிருமித் தொற்றுதான். டாக்டர் சொன்ன நாள் வரை மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும்.

ஆனால் சிலருக்கு எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் தீராது. சிறுநீர்ப்பை நிறைய நிறைய அடிவயிற்றில் வலி கூடும். போய்விட்டு வந்தால் கொஞ்சம் குறையும். பகலில் அரை மணிக்கு ஒரு தடவை, ராத்திரியில் நாலைந்து தடவை எழ வேண்டியிருக்கும். கல்ச்சர் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வரும். ஆறு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால், அது சிறுநீர்ப்பைச் சுவரின் அழற்சி நோயாக இருக்கலாம். டாக்டர்கள் இதை 'இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ்' என்பார்கள். 1915-ல் அமெரிக்க டாக்டர் ஹன்னர், பெண்களுக்கு வரும் அபூர்வமான சிறுநீர்ப்பைப் புண் என்று இதைப் பற்றி எழுதினார். இது புற்றுநோய் அல்ல, ஒட்டுவாரொட்டியும் அல்ல. "மனப்பிரமை" என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாதுங்க. மற்ற நோய் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சிறுநீர்ப்பையில் காசநோய் வந்தாலும் சாதாரண கல்ச்சரில் கிருமி தெரியாது, சீழ் அணுக்கள் மட்டும் தெரியும். அதனால் காசநோய்க்கும் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஸ்கேனில் கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சிஸ்டாஸ்கோப்பி என்னும் மெல்லிய குழாய்க் கேமராவால் உள்ளே பார்ப்பார்கள்.

சிகிச்சையில் முதல் படி நம்ம கையில் இருக்குது. டீ, காப்பி, மிளகாய், தக்காளி, எலுமிச்சை, கலர் சோடா இவற்றை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்க. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். தண்ணீரை மட்டும் குறைக்காதீங்க. போகும் இடைவெளியைப் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டப் பழக டாக்டர் சொல்லித் தருவார்.

அடுத்தது மாத்திரை. அமிட்ரிப்டிலின் கொடுத்தால், "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று பயப்பட வேண்டாம். குறைந்த அளவில் அது வலிக்கும் கொடுக்கப்படுகிறது. பென்டோசான் என்ற மருந்தை நீண்ட நாள் சாப்பிட்ட சிலருக்குக் கண் திரை பாதித்ததாக 2018-ல் தெரியவந்தது. அதைச் சாப்பிடுகிறவர்கள் கண் பரிசோதனையும் செய்துகொள்ளணும். குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் மருந்து விடுவதும், புண் இருந்தால் அதைச் சுட்டு ஆற்றுவதும் உண்டு. அடியோடு போகாவிட்டாலும், வேலைவெட்டி பார்த்து நிம்மதியாகத் தூங்கும் அளவுக்குப் பலருக்குக் கட்டுப்படும்.

டாக்டரிடம் போகுமுன் மூன்று நாள், எத்தனை மணிக்குப் போனோம், எவ்வளவு போனது, வலி எப்படி என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்க. அளவுக் கோடு போட்ட ஒரு மக் போதும். எழுதப் பழக்கமில்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரும். பழைய ரிப்போர்ட், மாத்திரை அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் எடுத்துப் போங்க. கோவை திருச்சி ரோட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யூராலஜி பிரிவு இருக்குது.

ஒண்ணுக்கில் ரத்தம், குளிர்காய்ச்சல், விலாவில் வலி இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க.

ஊக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீர்க்கடுப்புக்கு என்று ஒரே உறுப்பினர் திரும்பத் திரும்ப உள்கடன் கேட்டால், "கல்ச்சர் எடுத்தீங்களா அக்கா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்க. எடுக்கவில்லை என்றால் குழுவில் ஒருத்தர் துணைக்குப் போங்க. கிருமி இல்லாத நோய்க்குக் கிருமி மாத்திரை வாங்கியே கடன் ஏறக் கூடாதுங்க.